மாத்திரையோடு கொஞ்சம் விளையாட்டு

எது நிஜம், எது மனம் கற்பித்தது என்ற எல்லை ஒருவருக்கு முதன்முறையாகக் கலைந்துபோவதைத் தொடக்கநிலை சைக்கோசிஸ் என்கிறது மனநல மருத்துவம். ஆளில்லாத அறையில் குரல் கேட்கும். தெருவில் நின்று பேசுகிறவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உறுதியாகப் படும். டி.வி.யில் வரும் செய்தி தனக்கென்றே சொல்லப்படுவதாகத் தோன்றும். பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவே இது தலைகாட்டுகிறது. மனச்சிதைவு நோய் இதற்கு முக்கியக் காரணம்; இருமுனை நோய், தீவிர மனச்சோர்வு, கஞ்சா போன்ற போதைப் பொருள்கள், சில உடல் நோய்கள் ஆகியவையும் இதே நிலைக்குக் கொண்டுபோய் விடலாம்.

சரியான மருந்து கிடைத்தால் குரல்களும் சந்தேகங்களும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும். குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுவது அப்போதுதான். உண்மையில் கஷ்டமான பகுதி அதன் பிறகே ஆரம்பிக்கிறது. பையன் கத்துவதில்லை, யாரையும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் காலையில் எழுந்திருப்பதில்லை. சொன்னது மனதில் நிற்பதில்லை. ஒரு பக்கம் படித்தால் முதல் பத்தி மறந்துபோகிறது. பழைய சிநேகிதர்கள் வந்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறான். கவனம், நினைவு, யோசிக்கும் வேகம், எதையாவது செய்ய வேண்டும் என்கிற உந்துதல் ஆகிய நான்கையும் நோய் அரித்துவிடுகிறது. இன்று கையில் இருக்கும் மாத்திரைகள் இந்த நான்கையும் பெரிதாக மீட்டுத் தருவதில்லை. மாத்திரையின் அசதி வேறு சேர்ந்துகொள்ளும். வீடியோ கேம்களைச் சிகிச்சைக்குத் துணையாகக் கொண்டுவரும் முயற்சி இந்த இடைவெளியில்தான் நுழைந்தது.

நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இந்த நான்கும் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதில்லை. ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்த இழையைக் கண்ணால் பிடித்து, கையால் ஒட்டி, அடுத்த கதிருக்கு நகர வேண்டும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி ஓடும் தறியிலும் கதை அதுதான். பால்கோவாக் கடைக் கல்லாவில் நிற்பவன் நான்கு பேருடைய கணக்கை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டும். கிருஷ்ணன்கோவில் பொறியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு ஒரு மணி நேரப் பாடத்தைத் தொடர வேண்டியிருக்கும். “குணமாயிருச்சு, இனி வேலைக்குப் போ” என்று சொல்லி அனுப்பப்பட்ட இளைஞன் பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டால் ஊர் அதைச் சோம்பேறித்தனம் என்றே சொல்லும். அது நோயின் மிச்சம் என்பது வெளியில் தெரிவதில்லை.

நோய் தொடங்கிய பிறகான இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் கிடைக்கும் கவனிப்பே பிற்கால வாழ்க்கையின் போக்கைப் பெருமளவு தீர்மானிக்கிறது என்பது கடந்த முப்பது ஆண்டுகளில் உறுதிப்பட்டிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பேட்ரிக் மெக்கோரி குழுவினர் இளைஞர்களுக்கென்றே தனிச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். அந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. சிகிச்சை இல்லாமல் கழியும் மாதங்கள் கூடக்கூட மீள்வது கடினமாகிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் சைக்கோசிஸ் வகை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. தென் மாவட்டங்களில் இந்தத் தாமதத்துக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. முதலில் காத்துக் கருப்பு, பிறகு செய்வினை, மந்திரித்துக் கட்டிய தாயத்து, கோயில், தர்கா, கடைசியில் யாரோ சொல்லி ‘நரம்பு டாக்டர்’. கும்பிடுவதும் மாத்திரை போடுவதும் ஒன்றுக்கொன்று பகையில்லை. கும்பிட்டு முடித்த பிறகுதான் மாத்திரை என்று வரிசை போடுவதில்தான் ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகளில் 28 பேர் தீயில் சிக்கி இறந்த பிறகே அந்த வரிசையை அரசும் கேள்வி கேட்டது.

காத்துக் கருப்பு, செய்வினை என்ற அந்தப் பட்டியலில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. “எந்நேரமும் அந்த போனை நோண்டி நோண்டித்தான் இவனுக்கு இப்படி ஆயிருச்சு” என்று அம்மாக்கள் சொல்வது மனநலப் புறநோயாளிப் பிரிவுகளில் சாதாரணம். அந்தச் சந்தேகத்தை அலட்சியப்படுத்திவிட முடியாது. அவர்கள் கண்ணால் பார்த்தது அதுதான். ஆனால் பார்த்த வரிசை பெரும்பாலும் தலைகீழ். சைக்கோசிஸ் வெளிப்படுவதற்கு மாதங்கள் முன்பே, சில நேரங்களில் ஆண்டுகள் முன்பே, இளைஞன் ஒதுங்க ஆரம்பிக்கிறான். தூக்கம் இரவுக்கும் பகலுக்கும் இடையே புரள்கிறது. மனிதர்களைச் சமாளிக்க முடியாதபோது கைபேசி ஒன்றே மிஞ்சுகிறது. கேம் ஆடியதால் மனச்சிதைவு வந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. விளையாட்டுக்கு அடிமையாவது வேறு நோய். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் அதைத் தனியாகச் சேர்த்திருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014இலேயே அதற்கென ‘ஷட்’ என்ற கிளினிக்கைத் தொடங்கியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு போனைப் பிடுங்கி உடைத்துப்போடுகிற வீட்டில், வெளியுலகத்தோடு அவனுக்கு மிஞ்சியிருந்த ஒரே கயிறும் அறுந்துபோவதுண்டு.

விளையாட்டைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் பல தினுசுகள் இருக்கின்றன. மூளைக்குப் பயிற்சி தருவதற்காகவே செய்யப்பட்டவை முதல் வகை. இரண்டு ஒலிகள் கேட்கும். எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல ஒலிகள் குறுகிக்கொண்டே போகும், தவறினால் நீளும். ஆடுகிறவரின் திறமைக்குச் சற்று மேலேயே எப்போதும் நிற்கும்படி கணினி பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மெலிசா ஃபிஷர், சோஃபியா வினோகிராடோவ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் நோய் தொடங்கிய 86 இளைஞர்களை இரு குழுவாகப் பிரித்து, மடிக்கணினி கொடுத்து, ஒரு குழுவை எட்டு வாரங்களில் 40 மணி நேரம் வீட்டிலேயே பயிற்சி செய்யச் சொன்னார்கள். கேட்டதை நினைவில் வைப்பதும் சிக்கலைத் தீர்ப்பதும் பயிற்சி பெற்றவர்களுக்கு மேம்பட்டன.

அந்த ஆய்வில் பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு விவரம் உண்டு. ஒப்பீட்டுக்காக வைத்திருந்த மற்றக் குழு சும்மா இருக்கவில்லை. சாதாரணக் கணினி விளையாட்டுகளை அதே அளவு நேரம் ஆடியது. அதாவது, கடையில் கிடைக்கிற கேம் அங்கே வெறும் சர்க்கரை மாத்திரையின் இடத்தில்தான் இருந்தது. ‘கேம் ஆடினால் மூளை கூர்மையாகும்’ என்ற விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. மறுபக்கமும் இருக்கிறது. 2014இல் பெர்லின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், நோய் எதுவும் இல்லாத பெரியவர்கள் இரண்டு மாதம் தினமும் அரை மணி நேரம் ‘சூப்பர் மேரியோ 64’ ஆடியபோது, வழி நினைவுக்கும் திட்டமிடலுக்கும் உதவும் மூளைப் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. அப்பகுதிகளில் ஹிப்போகாம்பஸும் ஒன்று. மனச்சிதைவில் சற்றுச் சுருங்கிக் காணப்படும் பகுதி அது. நோயில்லாதவரின் ஸ்கேனிலிருந்து நோயாளியின் வாழ்க்கைக்குத் தாவிவிட முடியாது என்றாலும், ஆராய்ச்சியாளர்கள் இந்தத் திசையை விடாமல் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயிற்சி விளையாட்டுகளின் மொத்தப் பலன் எவ்வளவு? 130 ஆய்வுகளையும் 8,851 பேரையும் ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2021இல் வெளிவந்தது. கவனம், நினைவு போன்றவற்றில் மிதமான முன்னேற்றம். அன்றாடச் செயல்பாட்டில் அதைவிடச் சிறிய முன்னேற்றம். பலனைக் கூட்டிய அம்சங்களில் முதலில் நின்றது மென்பொருளின் நேர்த்தியன்று, பயிற்சி பெற்ற ஓர் ஆள் பக்கத்தில் இருந்ததுதான். திரையில் கற்றதை வெளியில் எங்கே பயன்படுத்துவது என்று சொல்லித்தருவதும், படிப்பு அல்லது வேலைக்கான உதவியோடு சேர்த்துச் செய்வதும் அடுத்து வந்தன. பயிற்சியாளர் இல்லாமல் ஆப்பை மட்டும் இறக்கிக் கொடுத்தால், அந்த ஆப்பில் மட்டும் மதிப்பெண் ஏறும்.

இன்னொரு வகை, குரல்களையும் பயங்களையும் நேரடியாகவே எதிர்கொள்கிறது. லண்டனில் ஜூலியன் லெஃப் என்ற மனநல மருத்துவர், குரல் கேட்பவர்களிடம் அந்தக் குரலுக்கு ஒரு முகம் வரையச் சொன்னார். கணினித் திரையில் அந்த முகம் பேசும். பேசுகிறவர் அடுத்த அறையில் இருக்கும் சிகிச்சையாளர். “நீ ஒண்ணுக்கும் உதவாதவன்” என்று அது சொல்லும்போது பதில் சொல்லப் பழகுகிறார் நோயாளி. வாரத்துக்கு வாரம் அந்த முகம் பணிந்துகொண்டே வரும். 2018இல் வெளியான, 150 பேர் பங்கேற்ற லண்டன் ஆய்வில், 12 வாரத்தில் குரல்களின் கடுமை வழக்கமான ஆலோசனை பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. 24 வாரத்தில் இரு குழுவினருக்கும் இடையே வித்தியாசம் இல்லாமல் போனது. பிந்தைய பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தச் செய்தி முழுமையாகும். அதே லண்டனின் கிங்ஸ் கல்லூரியில் 12 பேரை வைத்துச் செய்த சிறு சோதனை இன்னும் விசித்திரமானது. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பவர் திரையில் ஒரு ராக்கெட்டைப் பார்க்கிறார். மூளையில் பேச்சைக் கேட்கும் பகுதியின் செயல்பாடு அடங்கினால் ராக்கெட் கீழே இறங்கும். எப்படி இறக்குவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அவரவரே வழி கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு உருவாக்கிய ‘கேம்சேஞ்ச்’ வெளியே போகப் பயப்படுகிறவர்களுக்கானது. கண்ணை மூடும் வி.ஆர். கருவியை மாட்டிக்கொண்டால் ஒரு தெரு, ஒரு பஸ், ஒரு கடை, ஒரு டாக்டர் கிளினிக்கின் காத்திருப்பு அறை என்று காட்சிகள் வரும். பஸ்ஸில் ஏறுவது, அங்கிருப்பவர்களைப் பார்ப்பது, பயப்படும்போது செய்கிற தற்காப்புப் பழக்கங்களை ஒவ்வொன்றாக விடுவது என்று படிப்படியாக ஏற வேண்டும். வழிநடத்துவதும் திரைக்குள் இருக்கும் ஒரு பயிற்சியாளரே. 346 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2022இல் வெளியானது. வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத அளவுக்கு ஒடுங்கிப்போயிருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். அந்த பஸ் பிரிட்டன் பஸ் என்பதைச் சொல்ல வேண்டும். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரை மணிக்கு ஏறும் கூட்டத்துக்கு அந்தக் காட்சி பழக்கம் தராது. காட்சிகளை நம் ஊருக்கு மாற்றி அமைக்காமல் கருவியை மட்டும் இறக்குமதி செய்தால் பணம்தான் வீண்.

கொஞ்சம் விலகிப்போனாலும் இங்கே சொல்ல வேண்டிய ஒரு கேம் இருக்கிறது. 2017இல் வந்த ‘ஹெல்பிளேட்: செனுவாஸ் சேக்ரிஃபைஸ்’ கதையின் நாயகிக்கே சைக்கோசிஸ். கேம்பிரிட்ஜில் உள்ள நிஞ்சா தியரி நிறுவனம், மனநலப் பேராசிரியர் பால் ஃப்ளெட்சரையும் குரல் கேட்ட அனுபவமுள்ளவர்களையும் கூட வைத்துக்கொண்டு அதைச் செய்தது. ஹெட்போன் மாட்டி ஆடினால் இடது காதருகே ஒரு குரல், பின்மண்டைக்குப் பின்னால் இன்னொரு குரல், இரண்டும் ஒன்றையொன்று மறுத்துப் பேசிக்கொண்டிருக்கும். அண்ணனுக்கோ தம்பிக்கோ என்ன நடந்தது என்று புரிந்துகொள்ள விரும்பும் குடும்பத்தினருக்கு அது எந்தக் கையேட்டைவிடவும் அதிகம் சொல்லும். நோயிலிருந்து மீண்டுகொண்டிருப்பவரின் கையில் அதைக் கொடுப்பது மட்டும் வேண்டாத வேலை.

இனி மிச்சமிருப்பது, எல்லார் கையிலும் இருக்கும் சாதாரண விளையாட்டு: லூடோ, கேரம், கிரிக்கெட், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பி.ஜி.எம்.ஐ. மூளைப் பயிற்சி என்ற கணக்கில் இவற்றுக்கு மதிப்பெண் குறைவு. ஆனால் இளைஞர்களுக்கான சைக்கோசிஸ் சேவைகள் இவற்றைத் தேடுவதற்குக் காரணமே வேறு. சேர்ந்திருப்பதற்கு ஒரு சாக்கு கிடைக்கிறது. நோயிலிருந்து வந்தவனுக்கு எதிரே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவது பெரிய பாரம். எதிராளியின் முகத்தில் கேலி தெரிகிறதா, பரிதாபம் தெரிகிறதா என்றே மனம் ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்க்கும்போது அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது. “இப்ப எப்படிடா இருக்க?” என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. “மாப்ள, ஒரு கேம் போடுவமா?” என்பதற்குத் தலையாட்டினால் போதும்.

லூடோவில் ஒரு சுற்றையே எடுத்துக்கொள்ளலாம். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், யாருடைய காய் எங்கே நிற்கிறது என்று நினைவு வைக்க வேண்டும், எந்தக் காயை நகர்த்துவது என்று முடிவெடுக்க வேண்டும், வெட்டுப்பட்டால் கோபத்தை விழுங்க வேண்டும், வெட்டினால் கிண்டலடிக்கலாம். கவனம், நினைவு, முடிவெடுப்பது, உணர்ச்சியை அடக்குவது எல்லாம் இருபது நிமிடத்தில் வந்துபோகின்றன, யாரும் பயிற்சி என்று பெயர் சொல்லாமலே. கூட இருந்து ஆடுகிற ஆலோசகருக்கு இன்னொரு லாபம்: ஆட்டத்தில் தெரிவது வாய்ச்சொல்லில் வராது. நேற்றுவரை சட்டென்று ஆடியவனுடைய விரல் இன்று தாமதமாக நகர்ந்தால், கட்டைவிரல் விறைத்து நடுங்கினால், மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். அதற்கு மாற்று மருந்தும் அளவுக் குறைப்பும் உண்டு. “கை வரலண்ணே” என்று அவன் சலித்துக்கொள்வதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாலே, மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடும் அபாயம் குறையும். கைபேசி இல்லாத காலத்திலும் தாயமும் பல்லாங்குழியும் திண்ணையில் செய்துகொண்டிருந்தவை இவைதான். திரை வேண்டாம் என்கிற வீட்டில் தாயக்கட்டை தாராளமாகப் போதும்.

இந்தியாவில் இப்படிப் பயிற்சியையும் கூட்டையும் சிகிச்சையோடு சேர்ப்பதற்கு மிக நெருக்கமான முயற்சிகள் பெங்களூரிலும் சென்னையிலும் நடந்திருக்கின்றன. நிம்ஹான்ஸில் சாந்தலா ஹெக்டே குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவின் முதல் கட்டத்தில் இருந்த 45 பேரைப் பற்றியது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீட்டிலேயே செய்யும் இரண்டு மாத மூளைப் பயிற்சியும் சேர்ந்தது. கணினி வேண்டியிருக்கவில்லை, நிம்ஹான்ஸின் இத்தகைய பயிற்சிகள் தாளும் பென்சிலும் வீட்டுச் சாமான்களும் கொண்டே நடப்பவை. அச்சடித்த வரிகளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் தேடி அடிப்பது, கலந்து கிடக்கும் தானியங்களை வகை பிரிப்பது போன்றவை. வீட்டில் ஒருவர் உடனிருந்து செய்யவைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

அதன் பிறகு வந்தது ‘ஷார்ப்’ என்ற கூட்டு ஆய்வு. அமெரிக்காவின் பாஸ்டன், நம் பெங்களூர், போபால் ஆகிய மூன்று ஊர்களில் மனச்சிதைவு உள்ளவர்களின் கைபேசியில் ‘மைண்ட்லேம்ப்’ என்ற ஆப் போடப்பட்டது. பெங்களூரில் நிம்ஹான்ஸும் போபாலில் சங்கத் அமைப்பும் நடத்தின. அதற்குள் இருக்கும் குட்டி விளையாட்டு ஒன்றில் திரை முழுக்க நிறநிறமான ரத்தினங்கள் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் தொட்டு முடிக்க வேண்டும். மனநல மருத்துவர்கள் பல காலமாகத் தாளில் செய்துவந்த சோதனையின் விளையாட்டு வடிவம் அது. எடுத்துக்கொண்ட நேரமும் செய்த தவறும் பதிவாகும். கூடவே தூக்கம், நடமாட்டம் பற்றிக் கைபேசியே சேகரிக்கும் தகவல்களும் சேரும். 2023இல் வெளிவந்த முடிவின்படி, நோய் திரும்புவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் இந்தத் தகவல்களில் வழக்கத்துக்கு மாறான அசைவுகள் மற்றக் காலத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தென்பட்டன. நோய் திரும்புவதைக் குடும்பம் கவனிப்பதற்கு முன்பே கைபேசி கவனிக்கக்கூடும் என்பது இதன் பொருள். அந்தத் தகவல் யார் கையில் இருக்கிறது, யார் பார்க்கலாம் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல அமைப்பு வேறொரு பாடத்தைத் தருகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, சென்னையில் 168 பேரையும் மான்ட்ரியாலில் 165 பேரையும் முதல் சைக்கோசிஸ் வந்ததிலிருந்து இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். இரண்டு ஊரிலும் ஒரே மாதிரியான சிகிச்சை. குரல்களும் பிறழ்ந்த நம்பிக்கைகளும் அடங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒதுங்கிப்போவது, உந்துதல் இழப்பது ஆகியவற்றில் சென்னைக்காரர்கள் நன்றாகத் தேறினார்கள். சென்னையில் குடும்பம் சிகிச்சையில் கூடவே நின்றது அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. பணக்கார நாட்டின் சேவைகள் வீடியோ கேம் குழு வைத்து உண்டாக்கப் பார்க்கிற கூட்டு, நம் வீடுகளில் அத்தை மகனாகவும் சித்தப்பாவாகவும் ஏற்கனவே இருக்கிறது. அவர்களுக்கு வழி சொல்லித்தர ஆளில்லை என்பதே இங்குள்ள குறை.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ விளையாட்டைச் சிகிச்சைக்குத் துணையாக்க வி.ஆர். கருவி தேவைப்படாது. மருந்துக்கான வாசல் ஏற்கனவே இருக்கிறது: தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கும் மாவட்ட மனநலத் திட்டம், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, தொலைவு பார்க்காவிட்டால் மதுரை அரசு மருத்துவமனை, மதுரையிலேயே 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். ஆனால் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வருகிற சில நிமிடங்களுக்கும் அடுத்த மாதத்துக்கும் நடுவில் இருக்கும் முப்பது நாள்தான் பிரச்சினை. தமிழ்நாட்டுக் கிராமப்புறம் உட்பட மூன்று மாநிலங்களில் 282 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் உதவியபோது நோயாளிகளின் நிலை ஓரளவு மேம்பட்டது. அப்படி ஒருவர் வாரம் இருமுறை வந்து, முக்கால் மணி நேரம் கூட உட்கார்ந்து ஆடி, ஆட்டத்தில் கண்டதை டாக்டருக்குச் சொல்வார் என்றால் ஒரு சாதாரண கைபேசி போதும்.

எப்போது, எவ்வளவு என்பதும் முக்கியம். குரல்கள் உச்சத்தில் இருக்கும்போது விளையாட்டு வேண்டாம்; திரையிலுள்ளவர்களும் தன்னைக் கண்காணிப்பதாகத் தோன்றக்கூடிய கட்டம் அது. தேறத் தொடங்கியதும் நாளில் ஒரு நேரம், ஒரே நேரம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகோ மாலையிலோ. ராத்திரி பத்து மணிக்கு மேல் கூடாது. தூக்கம் கெடுவது நோய் திரும்புவதற்கு நன்கறியப்பட்ட வாசல்; அந்தக் கணக்கில் நள்ளிரவு கேமும் மில்லின் நைட் ஷிஃப்டும் ஒன்றே. வேலைக்குத் திரும்புகிறவருக்கு முதல் சில மாதமாவது பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்குவது கேமைப் பிடுங்குவதைவிட அதிக நன்மை செய்யும். முன்பின் தெரியாதவர்கள் காதுக்குள் கெட்ட வார்த்தை பேசும் வாய்ஸ் சாட்டை அணைத்துவிட வேண்டும். குரல்களோடு ஏற்கனவே போராடியவருக்கு அது வேடிக்கையில்லை. பணம் வைத்து ஆடுவது எந்த வடிவத்திலும் கூடாது. 2025ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம் ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது என்றாலும் குறுக்கு வழி ஆப்கள் கண்ணில் படத்தான் செய்யும்.

விளையாட்டு முன்னேற்றம் தருகிறதா என்று பார்க்கும் அளவுகோல் ஆட்டத்தின் ஸ்கோர் கிடையாது. கேம் முடிந்ததும் தம்பியோடு டீக்கடைவரை போனானா, பழைய நண்பனின் அழைப்பை எடுத்தானா, குளித்தானா, மாத்திரையைத் தானாகக் கேட்டானா என்பவையே பார்க்க வேண்டியவை. சில வாரங்களில் இவற்றில் எதுவும் நகராமல் ஆடும் நேரம் மட்டும் நீண்டால், அந்த விளையாட்டு ஒதுங்கலுக்கு உதவுகிறது. அப்போது அதைக் குறைத்து வேறு வழி தேட வேண்டும். ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஆடுவதையே நிறுத்துவதும், ராத்திரி முழுக்க ஆடுவதும், எதிர் அணியினர் தன்னைக் குறிவைத்துச் சதி செய்வதாகச் சொல்வதும் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய அறிகுறிகள். அடுத்த மருத்துவமனைத் தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416, இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.